வியாழன், வெள்ளி, சனி

உளுந்தூர்பேட்டை கூட்டுரோட்டில் லாரி மோதி நொறுங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஷேக் தாவூது எடை போட்டு வாங்கினார். தியாகதுருகத்தில் அவருக்குப் பழைய இரும்புக் கடை. காரின் பின்பாதி தகடாகிவிட்டிருந்தது. இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டரி கொடுத்ததும் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அதைச் செங்கல் மேல் உட்காரவைத்து, ஓடுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விற்பதில்லை என்று முடிவு செய்தார்.

அது எண்பத்தாறு, தை மாதம்.

வாரம் ஒருமுறை அவர் கல்வராயன் மலைச் சந்தைக்குப் போவார். அலுமினியப் பாத்திரம், களைக்கொத்து, அரிவாள் கொண்டுபோய், கடுக்காயும் புளியும் வாங்கி வருவார். பஸ் கூரையில் எவ்வளவு ஏறுமோ அவ்வளவுதான் வியாபாரம். மீதியை ஜீப் வைத்திருந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

"மூணு சக்கரம் போதும்" என்று மனைவி அஸ்ரப் நிஷாவிடம் சொன்னார். "முன்னால புல்லட்டோட போர்க்கும் சக்கரமும். நடுவுல இந்த இஞ்சின். பின்னால கார் சக்கரம் ரெண்டு, அதுமேல பொட்டி."

"ஓட்டறவரு எங்க உக்காருவாரு?"

"இஞ்சின் மேல."

"நல்லது. டீ வெச்சிக்கினே போலாம்."

பின் ஆக்ஸில் இல்லாமல் வேலை நின்றது. அது தெய்வசிகாமணியிடம் இருந்தது. தாவூதும் அவரும் ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்கள். சிகாமணிக்கு ஊருக்கு வடக்கே நாலு ஏக்கர். மாமனார் டாக்சியாக ஓட்டிய அம்பாசிடர் அவர் கொட்டகையில் மக்கிக்கொண்டிருந்தது.

"ஆக்ஸில் தரேன்" என்றார் சிகாமணி. "வண்டி யாருது?"

"ரெண்டு பேருதும்."

"அப்ப முறை வெச்சிக்கலாம். எங்க கெணத்துக்கு வெச்சிருக்கற மாதிரி."

சிகாமணிக்கும் அவர் அண்ணனுக்கும் ஒரே கிணறு. நாள் கணக்கில் முறை. அண்ணன் தம்பி பேசிக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனால் முறை தவறியதில்லை. தன் முறையில் மழை பெய்தால்கூட மோட்டாரைப் போட்டு வாய்க்காலில் தண்ணீரை விடுவார்களே தவிர, ஒரு மணி நேரத்தை யாரும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஞாயிறு முதல் புதன் வரை தாவூதுக்கு. வியாழன், வெள்ளி, சனி சிகாமணிக்கு. எழுதிக்கொள்ளவில்லை.

கொட்டகையில் ஏழு மாதம் வேலை நடந்தது. வண்டிக்கு இரும்புச் சட்டம் பற்றவைத்தார்கள். இஞ்சினிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் ஷாப்டைக் கள்ளக்குறிச்சி பட்டறையில் குட்டையாக்கி வாங்கினார்கள். அது சட்டத்தில் இடித்தது. இடிக்காமலிருக்க ஆக்ஸிலை மேல்கீழாகத் திருப்பிப் பற்றவைத்தார்கள். முதல் நாள் தாவூது ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டார். வண்டி பின்னால் பாய்ந்து வைக்கோல் போரில் ஏறி நின்றது.

சிகாமணியின் மகன் அறிவுச்செல்வன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போது அவன் பத்தாம் வகுப்பு.

"பாய், இப்ப பின்னால போறதுக்கு நாலு கியர், முன்னால போறதுக்கு ஒண்ணு" என்றார் சிகாமணி. "மலைக்கு முதுகக் காட்டிக்கினே ஏறிடு."

ஆக்ஸிலை வெட்டித் திருப்பி வைக்க இன்னொரு மாதம் போனது.

சாவி கிடையாது. ஹெரால்டின் பூட்டு உடைந்திருந்தது. தாவூது வீட்டுச் சமையலறையில் இருந்த கறுப்பு ஸ்விட்சைக் கழற்றி வந்து ஹேண்டிலுக்குக் கீழே திருகினார். போட்டால் இஞ்சினுக்குக் கரண்ட். அணைத்தால் நிற்கும். யார் வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம். ரெண்டு பேர் வண்டிக்கு அதுதான் வசதி என்று சொன்னார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் தாவூது ஒரு தடவை நம்பர் கேட்டுப் பார்த்தார். இது காரா பைக்கா என்று கேட்டார்கள். எதுவாக இருந்தாலும் சரி என்றார். எதுவாகவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நம்பர் இல்லாமலே ஓட்டினார். மெயின் ரோட்டைத் தவிர்த்தார்.

முதல் தடவை மலை ஏறியபோது மூன்றாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்தது. ஓடைத் தண்ணீரை ஊற்றி ஆறவைத்து ஏறினார். சந்தையில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கடுக்காய் விற்கும் சாலம்மாள் முன் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"நாலாவது காலு எங்க பாய்?"

"வர வழியில வுழுந்துட்டுது."

"தேடி எடுத்துக்கினு வா. அதுக்கப்புறம் மூட்டை ஏத்தறேன்."

அன்றைக்கு ஒன்பது மூட்டை ஏற்றினாள். இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டார். இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. பிரேக்கை மூன்று இடத்தில்தான் தொட்டார். வீட்டுக்கு வந்து நிஷாவிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

சிகாமணி தன் முறையில் மரவள்ளி ஏற்றினார். கரண்ட் போன நாளில் கிணற்றருகே நிறுத்தி, ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பெல்ட் மாட்டித் தண்ணீர் இறைத்தார். சனிக்கிழமை இருட்டின பிறகே வண்டியைக் கொண்டுவந்து விடுவார். ஒரு வருஷத்தில் ஒரு நாளும் முன்னதாக விட்டதில்லை. தாவூது குறை சொன்னதில்லை. முறை என்றால் அப்படித்தான்.

எண்பத்தேழு செப்டம்பர் பதினேழு, வியாழக்கிழமை. சிகாமணியின் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் தொடங்கினார்கள். பஸ் நின்றது. ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே போட்டார்கள். தாவூது கடையைச் சாத்திவிட்டு வீட்டில் இருந்தார். அது அவருடைய சண்டையல்ல. ஆனால் நியாயம் என்று நினைத்தார். அறிவுச்செல்வன் தொள்ளாயிரத்துக்கு மேல் மார்க் வாங்குவான், அவனுக்கு ஒரு சீட் கிடைக்கட்டும் என்று புதன்கிழமைகூடச் சிகாமணியிடம் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுது திரும்பியபோது வண்டி வாசலில் நின்றது.

"சிகாமணி அண்ணன் வுட்டுட்டுப் போனாரு" என்றாள் நிஷா. "ரோடெல்லாம் அடைச்சிட்டாங்க, வண்டிக்கு வேலை இல்லைன்னாரு. உள்ள வாங்கன்னேன். வரல."

தாவூதுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்றரை நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. சக்கரங்களில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. பின்னால் கொக்கியில் புளியம்பட்டை சிக்கியிருந்தது. விறகு இழுத்திருப்பார் என்று நினைத்தார். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வண்டி முழுவதையும் கழுவினார். பட்டையைப் பிடுங்கிப் போட்டார். செயினே இல்லாத வண்டி என்பதால் போர்க்குக்கு எண்ணெய் விட்டார்.

மறுநாள் காலை ஒரு இன்ஸ்பெக்டரும் நாலு போலீசும் நடந்து வந்தார்கள். ரோட்டில் ஜீப் வர முடியவில்லை. அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு பக்கமும் அகலமான கார் டயர். நடுவில் ஒல்லியாக ஒரு பைக் டயர். புதன்கிழமை மழை பெய்திருந்தது. மெயின் ரோட்டில் மரம் கிடந்த இடத்தில் தொடங்கி, வண்டிப் பாதை வழியாக, வயலைச் சுற்றி, தாவூது வீட்டு வாசல் வரை மூன்று தடமும் விடாமல் வந்திருந்தன.

"யார் வண்டி?"

"என்னுதுங்க. இன்னொருத்தரும் கூட்டு."

"மரத்த இழுத்தது யாரு?"

"தெரியாதுங்க. வியாழக்கிழமைலேர்ந்து அவரு முறைங்க. நேத்து மத்தியானம்தான் வந்துது."

"முறையா? இது வண்டியா கெணறா?"

ஒரு போலீஸ் சிரித்தார். இன்ஸ்பெக்டர் கொக்கியைத் தடவிப் பார்த்தார். கீழே ஈரத்தில் கிடந்த பட்டையை எடுத்தார்.

"ஏன் கழுவின?"

சேறாக இருந்தது, அதனால் கழுவினேன் என்பது உண்மை. அதைச் சொன்னபோது தாவூதுக்கே பொய் மாதிரி கேட்டது.

சிகாமணியை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார்.

"வண்டி யாருது?"

"பாயோடதுங்க."

"உனக்குக் கூட்டு இல்லியா?"

"வெல்டிங் வெக்கறப்ப கொட்டகை குடுத்தேங்க. சினேகிதம்."

"வியாழக்கிழமை உன் முறையாமே?"

"முறைன்னா கெணத்துக்குத்தாங்க வெப்போம்."

தாவூது அவரைப் பார்த்தார். சிகாமணி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் சிகாமணி" என்றார் தாவூது.

"அண்ணே, நீங்கதான நேத்து வந்து வுட்டுட்டுப் போனீங்க" என்றாள் நிஷா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"பொண்டாட்டி சாட்சி செல்லாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேர் சிகாமணியின் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் கடைக்காரர்கள்.

வண்டியைப் பறிமுதல் செய்தார்கள். தாவூது பதினெட்டு நாள் ஜெயிலில் இருந்தார். கூட இருந்தவர்கள் எல்லோரும் மறியலில் பிடிபட்டவர்கள். முதல் நாள் ஒருவர் கேட்டார்.

"பாய், நீ எதுக்கு வந்த?"

"உங்க ஒதுக்கீட்டுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு பீடி வந்தால் அவருக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

ஜாமீனில் வந்த மறுநாள் நேராகச் சிகாமணியின் கொட்டகைக்குப் போனார். சிகாமணி மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"யாரு ஓட்டனது?" என்றார் தாவூது.

"அறிவு. கூட நாலு பசங்க."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவன் மேல கேஸ் ஆவும் பாய். படிப்பு போயிடும். எதுக்காக மரத்த வெட்டனமோ அதுவே இல்லாம போயிடும்." பிடியைத் தரையில் குத்தி இறுக்கினார். "உனக்கு இன்னா. கடை இருக்குது."

"வெள்ளிக்கிழமையே கொண்டாந்து வுட்ட."

சிகாமணி பிடியை ஆட்டிப் பார்த்தார்.

"ஒரு வருஷத்துல ஒரு நாளு முன்னால வுட்டதில்ல நீ. நான் தொழப் போற நேரமா பாத்து வந்திருக்கற."

"அந்த நேரத்துக்குத்தான் கை ஒழிஞ்சுது" என்றார் சிகாமணி.

தாவூது திரும்பி நடந்தார். மலை வியாபாரத்தை விட்டுவிட்டார். சாலம்மாளிடம் ஜீப்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

கேஸ் இரண்டு வருஷம் இழுத்து, சாட்சி இல்லாமல் முடிந்தது. வண்டியைத் திரும்பக் கேட்டார். பேப்பர் கொண்டுவரச் சொன்னார்கள். காராகவும் பைக்காகவும் இல்லாத ஒன்றுக்குப் பேப்பர் இல்லை. ஸ்டேஷன் பின்புறம் வேலமரத்தின் கீழ் அது நின்றது. புல்லட் போர்க்கை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். முன்னங்கால் மடங்கிய மாடு மாதிரி தரையில் கவிழ்ந்திருந்தது.

ஏலம் விடும் நாள் அவருக்குத் தெரியும். ஸ்டேஷன் இரும்பை இருபது வருஷமாக அவர்தான் எடுத்துவந்தார். அந்தத் தடவை போகவில்லை. தன் கையால் பற்றவைத்ததை எடைத் தட்டில் பார்க்க வேண்டாம் என்று இருந்துவிட்டார். சிகாமணி எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டார்.

அந்த வருஷம் புது ஒதுக்கீட்டில் அறிவுச்செல்வனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. பாடம், ஆட்டோமொபைல்.

தொண்ணூறு பங்குனியில் நைனார்பாளையத்துக்குப் பழைய மோட்டார் ஒன்று பார்க்கப் போய், தாவூது சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். வடக்கு வயல் பக்கம் வந்தபோது சத்தம் கேட்டது. எந்த இஞ்சின் என்று நின்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு நடந்தார்.

கிணற்றுமேட்டில் சிமெண்டுத் திண்டு கட்டி ஹெரால்டு இஞ்சினை அதில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். பெல்ட் பம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டத்தை அறுத்து மாட்டுக்குக் கொட்டில் தூண் ஆக்கியிருந்தார்கள். இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் நிஷாவின் சமையலறை ஸ்விட்ச்.

சிகாமணி வாய்க்காலிலிருந்து மேலே வந்தார். தலை நரைத்திருந்தது.

"வா பாய்." வேட்டியில் கையைத் துடைத்தார். "வேற எவனாவது எடுத்திருந்தா உடைச்சி உருக்கியிருப்பான். அதான் நானே எடுத்தேன். மூணு நாளுக்கு நான், நாலு நாளுக்கு நீ. முறை முறைதான். ஞாயித்துக்கிழமைலேர்ந்து புதன் வரைக்கும் என் கெணத்து முறையில எறைக்கற தண்ணி உன்னுது. பக்கத்து வயலுக்கு வித்துக்க."

"அப்ப முறை இருந்துதுன்னு சொல்ற."

சிகாமணி மண்ணைக் காலால் தேய்த்தார்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் ஏதோ தட்டுகிற சத்தம், சீராக, கனமாக. திண்டின் ஓரமெல்லாம் கறுப்பாக எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது.

"ரெண்டு நாளா இந்தச் சத்தம் வருது" என்றார் சிகாமணி. "அறிவு லீவுக்கு வர இன்னும் மாசம் ஆவும். நீ கொஞ்சம் பாரேன் பாய். உனக்குத் தெரியாததா."

தாவூது குனிந்து கேட்டார். ஆயில் இறங்கிவிட்டது. பேரிங் அடிக்கிறது. இப்போதே அணைத்துவிட்டு, கசிவை அடைத்து, ஆயில் ஊற்றினால் இன்னும் பத்து வருஷம் ஓடும். ஸ்விட்ச் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

நிமிர்ந்தார்.

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் ஓடுது" என்றார். "நிறுத்தாம ஓட்டு."

வரப்பில் நடந்து சைக்கிளை எடுத்தார். அன்றைக்கு வியாழக்கிழமை. சனி வரை தாங்காது.