கண்மாயின் முப்பத்தேழு சாவிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சோறு தின்கிற நேரத்தில், புளியங்கண்மாயின் தண்ணீர் கரையை விட்டு இறங்கி, தெருவில் ஒருத்தரையும் நனைக்காமல் நடந்து, விருமாண்டியின் வீட்டுக்குள் போய்க் கழுத்தளவு நின்றது. கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. குடத்துக்குள் நிற்பதுபோல வாசலோடு நின்றுகொண்டது. வீட்டுக்காரர்கள் பரணில் ஏறித் தப்பினார்கள். குட்டைக் கயிற்றில் கட்டியிருந்த இரண்டு காளைகளும் மூச்சடைத்துச் செத்தன. மடையில் கள்ளத்தனமாகத் திறந்த தண்ணீர் அது என்று ஊருக்கே தெரிந்தது.

வாடிப்பட்டிக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் மடை திறக்கிறவன் சின்னக்கருப்பன். அவனுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அந்த வேலைக்கு அதுதான் தகுதி. நிலம் இருக்கிறவன் கையில் மடையைக் கொடுத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. அடியில் துளையிட்ட செப்பு வட்டில் ஒன்றை அவன் பானைத் தண்ணீரில் மிதக்க விடுவான். அது நிறைந்து முழுகினால் ஒருவன் முறை முடிந்தது, அடுத்தவன் வாய்க்காலுக்குத் திருப்பு. சுற்றி உட்கார்ந்து ஊரே வட்டிலைப் பார்க்கும், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் செய்யும். களவுத் தண்ணீர் பாய்ச்சினவனுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கூட்டத்தில் வட்டில் முழுகுவதற்குள் தானாக ஒத்துக்கொண்டால் அந்தக் குற்றத்தை ஊர் பங்கு போட்டுக்கொள்ளும். பிடிபட்டால் எல்லாம் அவன் தலையில்.

இருபத்தாறாம் வருஷம் சர்க்கார் ஆள் ஒருவர் வந்து மடைக்கு இரும்புப் பூட்டுப் போட்டார். செவ்வாய்தோறும் அவர் வந்து திறப்பார், பூட்டுவார், போவார். வட்டில் பரணுக்குப் போயிற்று. பூட்டுத்தான் இருக்கிறதே, நமக்கெதற்குக் காவல் என்று ஊர் திரும்பிப் படுத்துக்கொண்டது. வருஷா வருஷம் வீட்டுக்கு இத்தனை கூடை என்று வண்டல் அள்ளினவர்கள், பூட்டினவன் அள்ளட்டும் என்று மண்வெட்டியைக் கழுவி வைத்தார்கள். கண்மாய் மேடிட்டது. தண்ணீர் குறையக் குறைய, ஆளாளுக்கு ராத்தூக்கம் போயிற்று.

அப்போதுதான் மதுரை தெற்குவாசலிலிருந்து பூட்டுச் சாவி ரிப்பேர் செய்கிற பீர் முகமது மாசம் ஒருமுறை அந்தப் பக்கம் வரத் தொடங்கினார். சின்னக்கருப்பன் தனியாக அவரைப் பிடித்து மடைப் பூட்டுக்குக் கள்ளச்சாவி கேட்டான். மகள் ராமக்காள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகன் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுத வயல் கடைமடையில் கருகிக்கொண்டிருந்தது. அது போனால் அவன் கப்பலேறி ரங்கூனுக்குப் போய்விடுவான். போனவர்களில் திரும்பினவர்கள் கொஞ்சம். பீர் முகமது சிரித்தார். "பூட்டப் பாத்தாப் போதும்ணே, சாவி தானா வரும். அல்லா மேல ஆணையா யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்." சொன்ன சொல்லை மனுஷர் காப்பாற்றினார். வினையே அதில்தான் இருந்தது. பத்து வட்டில் தண்ணீரைச் சின்னக்கருப்பன் கடைமடைக்கு விட்டான். வேலியே பயிரை மேய்ந்த கதை.

விருமாண்டி வீட்டைப் பார்த்த நாள் முதல் அவன் மனசுக்குள் வட்டில் எண்ணிக்கொண்டிருந்தான். தண்ணீர்க் கணக்கு அவனுக்குப் பாடம். பத்து வட்டில் தண்ணீர் அவன் குடிசைக்குள் நின்றால் கூரை முகட்டைத் தாண்டும். ஓடியும் பயனில்லை, விருமாண்டி மாமனார் வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்ற வைத்த மூன்றாம் நாள் தண்ணீர் அங்கேயும் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை குடிசைத் தரை வேர்த்தது. சனிக்கிழமை கட்டில் காலில் ஈரம் ஏறியது.

"ஏய்யா, பானை எதுவும் ஒழுகுதா?" என்றாள் ராமக்காள்.

"ஒழுகல தாயி. நீ படு" என்றான். அவள் பார்க்காதபோது கட்டில் காலைத் துண்டால் துடைத்தான்.

ஞாயிறு காலை தண்ணீர் முழங்கால் தொட்டது. ராமக்காளுக்கு வலி கண்டது. சின்னக்கருப்பன் தானே தமுக்கடித்து ஊரை மடைக்குக் கூட்டினான். பரணிலிருந்து வட்டிலை எடுத்துவந்து பானையில் மிதக்க விட்டான்.

"ஊராரே, நானும் களவாண்டேன். பத்து வட்டில். என்னைய ஊரை விட்டு வெரட்டுங்க, வேணாங்கல. எம்மக வலியெடுத்துக் கெடக்கா. தண்ணி கட்டிலத் தொட்டுருச்சு சாமி. பங்கு போட்டுக்கங்க." சொல்லிவிட்டுச் சாவியை மண்ணில் போட்டான்.

திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல ஊர் உட்கார்ந்திருந்தது. வட்டில் பாதிக்கு மேல் நிறைந்தது. அடுத்தவர் வேலியில் ஒரு கீரை கிள்ளாதவள் என்று பெயரெடுத்த பாண்டியம்மாள், ஒற்றைக்கட்டை, அப்போது எழுந்து சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

"அடப்பாவி, பத்துக்கா இம்புட்டு அழுகை? நான் பதினாலுடா!" என்று தன் சாவியை எறிந்தாள்.

பிறகு மடியிலிருந்தும் கொண்டையிலிருந்தும் கோவணத்திலிருந்தும் சாவிகள் வந்தன. முப்பத்தேழு வீடு, முப்பத்தேழு சாவி. பீர் முகமது முப்பத்தேழு ஆணையையும் காத்திருந்தார். கடைசியாக விருமாண்டி ஈர வேட்டியோடு வந்தான். பிடிபட்டவனுக்குப் பங்கு உண்டா என்று ஒருவன் இழுத்தான். "அவன்தான் ரெண்டு காளையக் குடுத்துட்டானேடா" என்றாள் பாண்டியம்மாள். விருமாண்டியின் சாவி விழுந்தது; வட்டில் முழுகியது.

மத்தியானத்துக்குள் தண்ணீர் தன்னைப் பிரித்துக்கொண்டது. விருமாண்டி வீட்டிலும் சின்னக்கருப்பன் குடிசையிலும் இறங்கியது. மற்ற வீடுகளில் ஏறியது. எல்லா வீட்டிலும் மூன்று விரல் உயரம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பொழுது சாய ராமக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கப்பொண்ணு என்று பெயர் வைத்தார்கள். முப்பத்தாறு சாவியை உருக்கி வண்டல் அள்ள மண்வெட்டி அடித்தார்கள். மீதி ஒன்றை எல்லார் கண்ணிலும் படும்படி மடைக்கல்லில் தொங்கவிட்டு, வட்டில் சொன்னபடி திறந்தார்கள். சர்க்கார் ஆளும் செவ்வாய்தோறும் வந்து பூட்டிவிட்டுப் போனார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

களவுத் தண்ணீர் வற்றவேயில்லை. அடுப்பைக் கல்மேல் ஏற்றிக்கொண்டார்கள், கட்டிலில் படுத்தார்கள். முப்பத்தொன்றில் ஜனக்கணக்கு எடுக்க வந்தவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அவர் தாளில் இதற்குக் கட்டம் இல்லை. நாற்பத்தாறில் தங்கப்பொண்ணை மதுரைப் பழங்காநத்தத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் சீர்ப்பலகாரத்தோடு சின்னக்கருப்பன் பேத்தியைப் பார்க்கப் போனான். அவள் மாமியார் ஜெயக்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே மூன்று விரல் உயரம் தண்ணீர். அவனுக்குப் பதினெட்டு வருஷத்துப் பயமும் ஒன்றாய்த் திரும்பியது.

"அது எங்க ஊருக் களவு, தங்கச்சி. ஒங்களுக்குச் சேராது. பேத்தியக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

"எதுக்குண்ணே?" என்றாள் ஜெயக்கொடி. "இந்தத் தெருக் கொழாயில மொறை தப்பித் தண்ணி பிடிக்காத வீடு ஒண்ணு காட்டுங்க பாப்போம். நிக்கிறது நின்னுட்டுப் போகுது. வேட்டியத் தூக்கிட்டு உள்ள வாங்க."

சின்னக்கருப்பன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே காலை வைத்தான். கல்மேல் ஏற்றிய அடுப்பில் தங்கப்பொண்ணு அவனுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.