துடைத்த கடல்

கல்முனையில் வாழ்த்துப் பெனர் வடிவமைக்கிற எல்லோரையும் போல எனக்கும் ரோசாப்பூ என்றால் வெறுப்பு. கலியாணமா, ரோசாப்பூ. ஹஜ் போய் வந்தவருக்கு வரவேற்பா, ரோசாப்பூ, இரண்டு புறா, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. கையளவு இடம் மிஞ்சினாலும் ஆட்களுக்கு வயிறு எரியும். "அந்த மூல சும்மாதானே கிடக்கு, ஒரு பூவப் போடுங்களன்" என்பார்கள். ஏழு வருடமாக வீட்டு முன்னறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து அந்த மூலைகளைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் படகுச் சங்கச் செயலாளர் செல்லத்தம்பியண்ணன் வந்து, சங்கக் கணினியின் திரைக்கு ஒரு பின்னணிப் படம் கேட்டபோது என் காதையே நம்ப முடியவில்லை.

"கடல் மட்டும் போதும் பரீனா. வேற ஒண்டும் வேணாம். இடப்பக்கம் நம்மட பைலெல்லாம் வரிசையாக் கிடக்கும், அதுர பேரு தெரியோணும். கண்ணுக்கு நெரிசல் இல்லாம இரிந்தாச் சரி."

வேறு ஒன்றும் வேண்டாம் என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அன்றிரவு சந்தோசத்தில் ஒழுங்காகத் தூங்கவும் இல்லை.

திங்கட்கிழமை விடியும்போது ஒலுவில் துறைமுகத்தில் நின்றேன். காற்று சரியில்லை என்று படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. ஒன்றே ஒன்றுதான் புறப்பட ஆயத்தமாக நின்றது. அது என் மூத்த சகோதரன் ஹமீட் காக்காவின் படகு. அவரோடு எப்போதும் போகிற பாண்டிருப்புத் தம்பிமுத்து பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, வெள்ளாப்போட இஞ்ச?"

"படம் எடுக்க வந்தன் காக்கா."

"என்னையா?"

"உங்கட மூஞ்சிய ஆரு பாக்கிற? கடல."

காக்கா சிரித்தார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் கடலுக்கு இறங்குகிறவரிடம் அதைக் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். மீன் கிடக்கிற இடத்தை அவர்களும் ஒருவரிடமும் சொல்லமாட்டார்கள். பெண்டாட்டிக்குக்கூடத் திரும்பி வருகிற நேரம் மட்டும்தான் தெரியும். இந்த மாதிரிக் கதைகளையெல்லாம் கிண்டல் செய்கிற நானும் அன்று வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

படகு துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்லணையைத் தாண்டி நேராகக் கிழக்கே போனது. எந்தப் படகும் அப்படித்தான் போகும். வெகுதூரம் போன பிறகுதான் வடக்கோ தெற்கோ திரும்பும். கடல் வெறிச்சோடட்டும் என்று நான் காத்திருந்தேன். காக்காவை நான் பார்க்கவில்லை. வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் பதினொரு படம் எடுத்து, தேறிய ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அங்கேயே அழித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றினேன். அடுத்த நாள் ஒரு கலியாண வீட்டு வீடியோ இருந்ததால் போனைத் துப்புரவாகக் காலியாக்கினேன். பிறகு வேலையைத் தொடங்கினேன். பெருப்பித்துப் பார்த்தால் கடலில் ஏழெட்டுப் புள்ளிகள். பறவைகள், லென்சில் பட்ட உப்புத்துளிகள், ஒரு படகு. அவற்றை அழிக்கவென்றே மென்பொருளில் ஒரு தூரிகை இருக்கிறது. புள்ளியின் மேல் ஒருமுறை அமுக்கினால் பக்கத்து அலையை எடுத்து மூடிவிடும். ஒவ்வொன்றாக அமுக்கினேன். படகையும் அமுக்கினேன். அது காக்காவின் படகு என்று தெரிந்துதான் அமுக்கினேன்.

பிறகு பழைய படத்தின் மேலேயே, அதே பெயரில் சேமித்தேன். அது என் பழக்கம். கணினியில் இடமில்லை, ஊர்க் கலியாணமெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. படத்தை அனுப்பினேன். "நல்ல வடிவு" என்று செல்லத்தம்பியண்ணன் பதில் போட்டார்.

செவ்வாய் மத்தியானம் லுஹர் தொழுகைக்கு வரவேண்டிய காக்கா வரவில்லை. இரவும் வரவில்லை. புதன்கிழமை காலையில் காக்காவின் மனைவி ஜெமீலா மதினி செருப்பில்லாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"நீ படம் எடுத்தயாமே? சங்கத்தில ரெண்டு தோணி தேடப் போக நிக்கிது. இந்தக் காத்துக்கு ரெண்டும் ஒண்டாத்தான் போகேலுமாம். வடக்கா தெற்கா எண்டு ஒருத்தருக்கும் தெரியா. உன்ட படத்தில தெரியும்தானே?"

கணினியைத் திறந்தேன். கடல் பளிங்கு மாதிரி இருந்தது.

"தோணி எங்க?"

"அழிச்சிட்டன் மதினி."

"ஏன்?"

அழகாக இருக்கட்டும் என்று அழித்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

பெருப்பித்துத் தேடினேன். அந்தத் தூரிகை பக்கத்து அலையைத் திருடித்தான் ஒட்டும். அதனால் ஒரே அச்சில் இரண்டு அலை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுவில் ஏதோ இருந்திருக்கிறது. தொடுவானத்தை ஒட்டி அப்படி இரண்டு இடம் அகப்பட்டது. ஒன்று இடது பக்கம், வடக்கு. மற்றது வலது பக்கம், தெற்கு. ஒன்று படகு, மற்றது பறவையோ உப்புத்துளியோ. எது எது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வலது பக்கத்துத் தடம் கொஞ்சம் பெரிது. மதினியின் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

"வலப்பக்கம்" என்றேன். "தெற்கு. கோமாரிப் பக்கம்."

"சரியாத் தெரியுமா?"

"ஓம்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஊகம் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கை தோளில் இருக்கும்போது எனக்கு வாய் வரவில்லை.

படகுகள் கோமாரியையும் தாண்டிப் போய், வெள்ளிக்கிழமை பின்னேரம் வெறுங்கையோடு திரும்பின. விசாரிக்கச் சங்கத்துக்குப் போனேன். செல்லத்தம்பியண்ணன் யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தார். மேசையில் கணினி திறந்தபடி இருந்தது. என் படத்தை அதன் இடத்தில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

இடது பக்கம் முழுக்க மஞ்சள் மஞ்சளாகக் கோப்புகள், அடியில் சின்ன எழுத்தில் பெயர்கள். வலது பக்கம் வெறும் கடல்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இடது பக்கம் பைல்கள் வரும், எழுத்துக்கு நடுவே இந்தப் புள்ளி ஊத்தை மாதிரித் தெரியும் என்று நினைத்துத்தான் படகை அழித்தேன். வலது பக்கத்தில் இருந்திருந்தால் விட்டுவைத்திருப்பேன். அவ்வளவு பெரிய வெறுமையில் ஒரேயொரு சின்னப் படகு, அதைவிட அழகு வேறென்ன இருக்கிறது? இந்தத் தோணி அந்தப் பக்கம் இருக்கக் கூடாதா என்று அலுத்துக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது.

"அண்ணன்" என்றேன். "வடக்கு."

அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சொன்னேன்.

"அஞ்சு நாளாயித்தே புள்ள" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை வடக்கே போனார்கள். ஞாயிறு மத்தியானம் படகு கிடைத்தது. என்ஜின் பழுதாகி, நீரோட்டத்தில் இழுபட்டுக் கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. தண்ணீர்க் கேன் காலி. ஒரு மூங்கில் தடியை நட்டு, அதன் உச்சியில் காக்காவின் சிவப்புச் சேர்ட்டைக் கட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து யாராவது பார்க்கட்டும் என்று.

தம்பிமுத்துவின் மனைவி அந்தப் படகைத் தொடமாட்டேன் என்றார். மதினி சேர்ட்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்து மதினி என் வீட்டுக்கு வந்தார். கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பரீனா, அந்தப் படத்தில தோணியத் திரும்ப வெக்கேலுமா?"

"ஏலும் மதினி."

"அப்ப வை. இரிந்த இடத்திலயே வை."

படத்தைத் திறந்தேன். எந்த இடம் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.