எழுபத்திரண்டு கேள்விகள்

பட்டப்பகலில், பேருந்து நிறுத்தத்தில், பேராசிரியையின் கைப்பையை ஒருவன் லவட்டிக்கொண்டு போய்விட்டான். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பதினொரு வருடம் ஆராய்ந்து பெயர் வாங்கிய அம்மாளுக்கே இந்தக் கதி! அதுவும் எப்போது? புகார் கொடுப்பவர்கள் நிரப்ப வேண்டிய தம் கேள்வித்தாளை அரசுக் குழு முன்னால் விளக்கப் போகிற வழியில். குழு தலையாட்டிவிட்டால் எல்லாக் காவல் நிலையங்களிலும் அது கட்டாயமாகும். புதிய ஆய்வு மையத்தின் இயக்குநர் நாற்காலியும் அவருக்குத்தான்.

புகாரை வாங்கிக்கொண்ட காவல் நிலைய எழுத்தர், கூடவே தடிமனான ஒரு தாள்கட்டையும் நீட்டினார். பேராசிரியைக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டு வருடமாகச் சோதனைக்கு விட்டிருந்த அவருடைய கேள்வித்தாளேதான்! எழுபத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண். நான் யார் தெரியுமா என்று துடித்த நாக்கை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

பத்தாம் கேள்வி வரை பெருமை. இருபதில் கழுத்து வலி. ‘சம்பவத்துக்குப் பின் தங்கள் தன்மதிப்பு எவ்வளவு குலைந்துள்ளது?’ என்ற முப்பத்தொன்றில் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பை போனவளிடம் கேட்கிற கேள்வியா இது?

“என்னம்மா முழிக்கிறீங்க? குடுங்க இப்படி. எல்லாத்துக்கும் மூணு போட்டுடறேன்” என்றார் எழுத்தர்.

“மூணா?”

“நடுவுல இருக்கு பாருங்க, ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இங்க வந்த எல்லாருக்கும் மூணுதான். பக்கத்து ஸ்டேஷன்லயும் அப்படித்தான். அழுதுகிட்டு வர்றவங்ககிட்ட இதையெல்லாம் எவன் கேப்பான்?”

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். ‘பாதிக்கப்பட்டோரின் மிதமான திருப்தி’ என்று ஊரெல்லாம் மெச்சிய அவருடைய கண்டுபிடிப்பு, இந்த மனிதரின் பேனாவிலிருந்து வந்ததா? வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாதே என்று ஒரு நினைப்பு வந்தது. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

மேசைத் தொலைபேசியை இழுத்துக் குழுத் தலைவரை அழைத்தார். பை போனதைச் சொன்னார். பிறகு, “சார், என் கேள்வித்தாளைத் தள்ளுபடி பண்ணிடுங்க. முடிவெல்லாம் தப்பு” என்றார்.

“அடடா, அதிர்ச்சியில இருக்கீங்கம்மா. பாதிக்கப்பட்டவங்க அந்த நேரத்துல பேசறதை அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? நீங்க வராட்டியும் இப்பதான் ஏகமனதா நிறைவேத்தினோம். போய் ஓய்வெடுங்க, டைரக்டர் மேடம்!”

இணைப்பு அறுந்தது.

“என்னம்மா ஆச்சு?”

“இந்தக் கேள்வித்தாள் இனிமே எல்லா ஸ்டேஷனுக்கும் கட்டாயமாம்.”

எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். “இதை எழுதினவங்க மட்டும் என் எதிர்ல வரட்டும்!”

“வந்து முக்கால் மணி நேரமாச்சுங்க” என்றார் பேராசிரியை.