வாலண்டினாவின் மூளையில் வேலைநிறுத்தம்

என் மகள் வாலண்டினாவின் மூளையில் வேலைநிறுத்தம் தொடங்கிய பதினோராம் நாள், பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வேலைநிறுத்தம் செய்தது ஒரு மரபணு. நிர்வாகம் என் மகள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. புறநகர் ரயில் நிலையமொன்றில் அறிவிப்பாளர்.

மரபணு வேலையை நிறுத்திய முதல் நாள் அவளுக்கு ஒரு நிலையத்தின் பெயர் வாயில் வரவில்லை. ரயில் அங்கே நிற்காமல் போயிற்று. மறுநாள் இரண்டு நிலையங்கள். பத்தாம் நாள் அவளுடைய வலது கை தானாக மேசையைத் தட்டத் தொடங்கியது. பதினான்காம் நாள் இது முழு அடைப்பாக மாறும், அதன்பின் விழுங்குவதுகூட நடக்காது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

அவள் அம்மா தனபாக்கியத்துக்கும் இதே வரிசையில்தான் நடந்தது. அப்போது நரம்புத் தளர்ச்சி என்று சீட்டெழுதிக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு தொழிற்சங்கக் கொடி பிடித்தவன் நான். என் வீட்டுக்குள்ளேயே ஒரு வேலைநிறுத்தம் நடந்து முடிந்திருக்கிறது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டு போனேன். அந்தப் பிரிவை நடத்துபவர் டாக்டர் பெனாசிர். எனக்கு முன்பே இரண்டு பேரை அழைத்துப் பார்த்துவிட்டார்களாம். ஒருவர் ஓய்வுபெற்ற தொழிலாளர் நல அதிகாரி. மற்றவர் எங்கள் ஆலையை மூடும் ஒப்பந்தத்தில் எங்கள் சார்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வாரமே அரசு வாரியமொன்றின் தலைவரான எங்கள் சங்கத் தலைவர். இருவரிடமும் மரபணு ஒரு வார்த்தை பேசவில்லை. அதைக் கேட்டதும் அதன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

மகள் ஏற்கெனவே வந்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கை தட்டிக்கொண்டே இருந்தது.

"வாங்க தோழரே," என்றாள். கோபம் வரும்போது மட்டும் என்னை அப்படிக் கூப்பிடுவாள். "எந்தப் பக்கம் உட்காரப் போறீங்க?"

"இந்தப் பக்கம்," என்று எதிரே உட்கார்ந்தேன்.

"தெரியும்."

வேலை நடக்கும் முறையை பெனாசிர் சொன்னார். மகளின் ஒரு துளி இரத்தத்திலிருந்து மரபணு பேசுவதை இயந்திரம் வாங்கி எழுத்தாக்கும். மொத்தம் நான்கே எழுத்து. அந்த எழுத்துகளைக் கணினி பதினெட்டு லட்சம் பேருடைய எழுத்துகளோடு ஒப்பிட்டு, எங்கே வேறுபடுகிறது என்று பார்த்துப் பொருள் சொல்லும். இந்த மரபணு விஷயத்தில் மட்டும் தாள் வெறுமையாக வருகிறது.

"நோட்டீஸ் எதுவும் கொடுக்காம நிறுத்திட்டாங்க, சார்," என்றார்.

"கொடுத்திருப்பாங்க. அதை நீங்க எங்க போட்டீங்க?"

அவர் யோசித்தார். எழுத்துகளைக் கணினிக்குள் விடுவதற்கு முன்பு சுத்தம் செய்வார்களாம். சுத்தம் செய்ததில் கழிந்ததைத் தனியாக ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். யாரும் அதைத் திறப்பதில்லை.

"எதைக் கழிப்பீங்க?"

"ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தா எடுத்துடுவோம். மூணு தடவை வந்தா பரவாயில்லை. நாற்பது தடவை வந்தா அது பிழை, சார்."

"ஒரே வரி நாற்பது தடவை வந்தா அது கோஷம்மா."

பெனாசிர் எழுந்து போய்க் கழிவுக் கோப்பை அச்செடுத்துக் கொண்டுவந்தார். தாள் கனமாக இருந்தது. சி, ஏ, ஜி. சி, ஏ, ஜி. சி, ஏ, ஜி. மேலிருந்து கீழ்வரை அதுதான். நான் வாய்விட்டுப் படித்தேன். மூன்று அடி, ஒரு மூச்சு, மறுபடி மூன்று அடி. மேசையில் மகளின் கை தட்டியதும் அதே தாளம். அவள் தன் கையையே பார்த்தாள். அவள் அம்மாவின் கையும் மருத்துவமனைக் கட்டில் கம்பியில் இப்படித்தான் தட்டியது. நான் அதைப் பிடித்து அமுக்கி வைத்திருந்தேன்.

எழுந்து நின்றேன். ஆலை வாசலில் நின்று கடைசியாகக் குரல் கொடுத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. கையை உயர்த்திக் கோஷத்தின் முதல் பாதியை நான் சொன்னேன். மகளின் கை அடுத்த பாதியைத் தட்டியது. இயந்திரம் புதிய வரிகளை அச்சடிக்க ஆரம்பித்தது. இன்னொரு முறை சொன்னேன். அடுத்த அறைகளில் எலிகளோடு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வெள்ளை அங்கியோடு வந்து வராந்தாவில் நின்று கைதட்டினார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. விட மனசில்லை.

தேநீர் வருவதற்குள் கணினி கோரிக்கையைப் படித்துச் சொல்லிவிட்டது. ஒரே கோரிக்கைதான். வாலண்டினாவின் கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்து ஒரு நாள் விடுப்பில்லாமல் வேலை செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை வேண்டும்.

நியாயமான கோரிக்கை. நானே துண்டறிக்கை எழுதியிருந்தாலும் இதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்க முடியாது.

"ஞாயிறு முடியாது," என்றாள் மகள். "செவ்வாய்க்கிழமை எடுத்துக்கச் சொல்லுங்க."

"செவ்வாய்க்கிழமை கொடுக்கறதுக்குப் பேரு லீவு இல்லம்மா, தண்டனை."

"ஏன் முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். மற்ற நாளெல்லாம் அவளுக்கு ஷிப்ட். ஞாயிறு காலை நான் மீன் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். அவள் குழம்பு வைப்பாள். பிறகு சாயங்காலம்வரை இருவரும் அரசியல் பேசிச் சண்டை போடுவோம். அவளுக்கு என்னைவிட்டால் யாருமில்லை. எனக்கும் அப்படித்தான்.

இந்த மரபணுவின் வேலை என்ன என்று பெனாசிரிடம் கேட்டேன். தெரிந்த முகங்களையும் பெயர்களையும் சேர்த்துப் பிடித்து வைப்பது என்றார்.

"லீவு நாள்ல உங்களை அடையாளம் தெரியாது, சார்."

மகள் பேரம் பேசினாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்றாள். கை வேகமாகத் தட்டியது. இரண்டு ஞாயிறு என்றாள். தேநீர்க் கோப்பை நடுங்கிச் சிந்தியது. முதல் பேரத்தில் இறங்கிவராத தொழிலாளியைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. இந்த இடத்தில்தான் எங்கள் தலைவர்கள் பாதியை வாங்கிக்கொண்டு, வெற்றி என்று சுவரொட்டி அடிப்பார்கள்.

"முழு ஞாயிறு," என்றேன். "வருஷம் முழுக்க."

"அப்பா, அது உங்க ஞாயிறு."

"ஆமாம்."

"ஒரு தடவையாவது என் பக்கம் வந்து உட்கார மாட்டீங்களா?"

"வந்தா நீயே மதிக்க மாட்டே."

அவள் சிரித்தாள். பிறகு பெனாசிர் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க டாக்டர்," என்றாள்.

எழுதுவதற்கு முன் பெனாசிர் ஒரு சிக்கலைச் சொன்னார். ஒரு நாள் முழுக்க அந்த இடம் காலியாக இருந்தால் மூளை தாங்காது. பதிலி ஆள் வேண்டும். கணினி பதினெட்டு லட்சம் பேரிடமும் கேட்டது. ஞாயிறு வேலைக்கு வர ஒரே ஒரு மரபணு ஒத்துக்கொண்டது. ஊர்ப் பெயர் சொல்லவில்லை. பதிலியிடம் ஊர் கேட்கும் வழக்கம் எங்கள் ஆலையிலும் கிடையாது.

நிர்வாகம் தமிழில் கையெழுத்திட்டது. மரபணு நான்கெழுத்தில் இட்டது. சாட்சி நான். அந்த நிமிஷமே அவள் கை நின்றது. அவள் எழுந்து, கடற்கரை நிலையத்திலிருந்து கடைசிவரை எல்லா நிலையங்களையும் மூச்சுவிடாமல் சொன்னாள். ஒன்றுகூடத் தவறவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். எனக்கு அறுபத்தொன்பது வயது. அன்று படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். என் வாழ்க்கையில் முழுதாக வென்ற ஒரே வேலைநிறுத்தம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வஞ்சிரம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. துணி காயப்போடும் நீளக் கழியைக் கூடத்துத் தரையில் ஊன்றியபடி வாலண்டினா நின்றிருந்தாள். கைகளில் நடுக்கமே இல்லை. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பதிலி வேலைக்கு வந்துவிட்டது.

"பெரியவரே, தண்ணி வத்திக்கிட்டே போவுது. வர்றதுன்னா சீக்கிரம் தோணியில ஏறுங்க."

"எந்தக் கரைக்குப் போகுது?"

"சந்தைக் கரைக்கு. மீனை நடுவுல வைங்க, ஒரு பக்கமா சாயப்போவுது."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசற்படியிலிருந்து கூடத்துக்குள் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. அவள் கை கொடுத்து என்னை ஏற்றிக்கொண்டாள்.