டேட் யூனிட்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் மாசானம் அண்ணாச்சியின் மளிகைக் கடைக்கு உண்மையான முதலாளி ஒரு பூனை. பெயர் சேட். கல்லாவுக்குப் பக்கத்தில் எலெக்ட்ரானிக் தராசின் தட்டில்தான் அதற்கு உட்காரப் பிடிக்கும். நல்ல காலத்தில் அது உட்கார்ந்தால் ஏழு கிலோ முந்நூற்று நாற்பது கிராம் காட்டும். ஒரு கிராம் கூடாது, ஒரு கிராம் குறையாது. தராசைச் சோதிக்க வந்த அதிகாரி, தான் கொண்டுவந்த எடைக்கல்லைப் பைக்குள் போட்டுவிட்டு, சேட்டை வைத்துப் பார்த்து முத்திரை குத்திவிட்டுப் போனார் என்று அண்ணாச்சி சொல்வார். இல்லையென்று சொல்ல அந்த அதிகாரி திரும்பி வந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேட் திடீரென்று வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. ஏழு கிலோ ஐந்தாக இறங்கியது. மாட்டுங்காவில் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சுப்புலக்ஷ்மி ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரே வார்த்தையில் "சுகர்" என்றார்.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று என்று இன்சுலின் ஊசி. போடுவது அண்ணாச்சியின் மனைவி பிரபாவதி. ஃப்ரிட்ஜ் கதவில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்துக் குப்பியை எடுத்து, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, சேட் தின்று முடித்ததும் பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்துப் போட்டுவிடுவாள். சேட் மீசையைக்கூட அசைக்காது. அண்ணாச்சிதான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஊசியைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று இரண்டு வருஷத்தில் அவருக்கு அத்துப்படி.

போன மாதக் கடைசியில் பிரபாவதியின் அக்கா மகளுக்குத் திசையன்விளையில் கல்யாணம் வந்தது.

"நான் போகலைங்க" என்றாள் பிரபாவதி. "சேட்டுக்கு யாரு ஊசி போடுவா?"

"நான் போடுதேன்."

"நீங்களா? நல்லா இருக்கு. ஊசியப் பாத்தா நீங்க மொதல்ல விழுவிய."

"ஏட்டி, சொந்த அக்கா மவ கல்யாணம். பூனைக்காக வரலைன்னா ஊரு சிரிக்கும். ஒன்பது நாளு நான் பாத்துக்கிடுதேன்."

அவள் சேட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "சேட்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் அங்கனயே இருந்துருவேன். தமாஷுக்குச் சொல்லல."

கிளம்புகிற அன்று ஊசியில் மருந்தை இழுத்துக் காட்டினாள். "இங்க பாருங்க. இவ்வளவுதான். பாத்தியளா?"

"பாத்துட்டேன்" என்றார் அண்ணாச்சி, சுவரைப் பார்த்தபடி. "சீட்டுல எழுதி வையி, போதும்."

எழுதுவதில்தான் அவளுக்குச் சங்கடம். பிரபாவதி தாராவியில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்தை அரிசி மூட்டையிலும் காலண்டரிலும் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டாள். அண்ணாச்சிக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. அந்தத் தமிழில் தனக்கு மிஞ்சிய ஆள் பம்பாயில் இல்லை என்பது அவர் கணக்கு. கல்யாணமான புதிதில் அவள், "கரி அரைக் கிலோ" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். அண்ணாச்சி அரைக் கிலோ அடுப்புக்கரி வாங்கிவந்து சட்டியில் போட்டு வைத்தார். தெரு முழுக்கச் சொன்னார். "பிரபா, இன்னைக்கு என்ன கரிக் குழம்பா?" என்று மூன்று மாதம் ஆட்கள் கேட்டார்கள்.

இருந்தும் உட்கார்ந்து, நாலு தாளைக் கசக்கிப் போட்டு, ஐந்தாவது தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

"காலை 8. ராத்திரி 8. முதல்ல சாப்பாடு. சாப்பிட்டா ஊசி. தினமும் டேட் யூனிட். மயங்கினா பல்லு மேல சக்கரை தடவுங்க." கீழே டாக்டரின் நம்பர்.

மறுநாள் காலை அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டின் முன் நின்றார். டேட் யூனிட். சீட்டுக்கு மேலேயே தினசரிக் காலண்டர் தொங்கியது. தேதி ஒன்று. அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இன்றைக்கு என்ன டேட்டோ அத்தனை யூனிட். அந்த டாக்டரம்மா சும்மா படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைப் பாதி மூடி, ஒரு கோடு மருந்தை இழுத்துப் போட்டார். சேட் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பியது.

இரண்டாம் தேதி இரண்டு. மூன்றாம் தேதி மூன்று. நான்காம் தேதி சேட் இரண்டு மடங்கு தின்றது. உடம்பு தேறுகிறது என்று அண்ணாச்சிக்குப் பெருமை. ஐந்தாம் தேதி அது நடக்கையில் பின்னங்கால் லேசாக இழுத்தது. பிரபாவை நினைத்து ஏங்குகிறது என்று முடிவு செய்தார்.

அன்று அவளே போன் செய்தாள். பின்னால் மேளச் சத்தம்.

"டேட் யூனிட்தான போடுதிய?"

"டேட் யூனிட்டேதான். ஒரு நாளு தப்பலை."

"பக்கா?"

"பக்கா."

இரண்டு பேரும் நிம்மதியாகப் போனை வைத்தார்கள்.

ஆறாம் தேதி காலை ஆறு யூனிட். பதினோரு மணிக்கு மதீனா பீவி கடைக்கு வந்தார். பக்கத்துச் சந்தில் தையல் மெஷின் வைத்திருப்பவர்.

"அண்ணாச்சி, டேட் கிலோ அரிசி போடுங்க. சேட்டை எறக்கி விடுங்க முதல்ல."

"ஏ சேட்டு, எறங்குல."

சேட் இறங்கவில்லை, விழுந்தது. தட்டிலிருந்து சரிந்து பருப்பு மூட்டைமேல் விழுந்து, அங்கிருந்து தரைக்கு உருண்டு, நாலு காலையும் விறைத்துக்கொண்டு வெட்டியது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. தராசு சைபர் காட்டியது.

அண்ணாச்சி அரிசி அள்ளிய கையோடு நின்றார். மதீனா பீவிதான் உலுக்கினார். "என்ன நிக்கிறீங்க? டாக்டருக்குப் போடுங்க!"

கடைக்குப் பின்னால்தான் வீடு. ஓடிப்போய்ச் சீட்டைக் கிழித்துக்கொண்டு வந்து நம்பரை அழுத்தினார்.

"சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணியில குழைச்சு ஈறுல தடவுங்கோ" என்றார் டாக்டர் சுப்புலக்ஷ்மி. "வாய்க்குள்ள ஊத்தாதேங்கோ, புரை ஏறிடும். உடனே தூக்கிண்டு வாங்கோ."

"சீட்டுலயும் அப்படித்தான் எழுதிருக்கு. சுகர் வியாதிக்குச் சக்கரையா டாக்டர்?"

"தடவுங்கோன்னா!"

அண்ணாச்சி ஐம்பது கிலோ சீனி மூட்டையைக் கையாலேயே கிழித்தார். இரண்டு வருஷமாக அந்த மூட்டைப் பக்கம் சேட் போனால் துடைப்பத்தை எடுப்பவர், இப்போது சீனிப் பாகை அதன் ஈறில் தேய்த்தார். ஊசிக்குப் பயந்த விரல் பூனையின் பல்லுக்கு நடுவே கிடந்தது. கடிபட்டது அவருக்குத் தெரியவில்லை. பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு, கடையை மதீனா பீவியிடம் விட்டுவிட்டு டாக்ஸி பிடித்தார்.

டாக்டர் சேட்டின் காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார். எண் ரொம்பக் கீழே இருந்தது. முன்னங்காலில் குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"காலம்பர எத்தனை யூனிட் போட்டேள்?"

"ஆறு டாக்டர்."

"ஆறா?"

"ஆமா. இன்னைக்கு ஆறாம் தேதில்லா."

டாக்டர் காதில் மாட்டியிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார், தப்பாகக் கேட்டிருக்குமோ என்பதுபோல. "நேத்தைக்கு?"

"அஞ்சு. காலைல அஞ்சு, ராத்திரி அஞ்சு."

"முப்பத்தொண்ணாம் தேதி என்ன பண்ணுவேள்?"

"அதான் எனக்கும் யோசனை" என்றார் அண்ணாச்சி. "அதுக்குள்ள வீட்டுக்காரி வந்துருவா."

டாக்டர் கையை நீட்ட, அவர் சீட்டைக் கொடுத்தார். படித்தார். மறுபடி படித்தார். மெதுவாகக் கேட்டார்.

"உங்க கடைக்கு ஒருத்தர் வந்து டேட் கிலோ அரிசி கேட்டா எவ்வளவு போடுவேள்?"

"ஒன்னரை கிலோ" என்றது அண்ணாச்சியின் வாய். சொன்ன வாய் மூடவில்லை.

இந்தியில் டேட் என்றால் ஒன்றரை. அது பம்பாயில் பொட்டிக்கடைக்காரனுக்கும் தெரியும். அண்ணாச்சி முப்பத்தைந்து வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தச் சொல்லைக் கேட்டு ஒன்றரை கிலோ போட்டுக்கொண்டிருக்கிறார். காதால் கேட்டவரே தவிர, எழுத்தில் அதை ஒரு தடவையும் பார்த்தவரில்லை.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு அல்சேஷன் நாய் வந்து முகர்ந்தது; அதைக்கூட விரட்டவில்லை. ஒன்றரை போட வேண்டிய இடத்தில் ஆறு. தன் கையாலேயே. தினமும் தேதி பார்த்து, கூட்டிக் கூட்டி.

"பிழைக்குமா டாக்டர்?"

"சீனி தடவினேளோ, அதான் இங்க வரைக்கும் வந்தது. சாயங்காலம் வரைக்கும் பார்க்கணும்."

சாயங்காலம் வரைக்கும் அண்ணாச்சி ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் விரிசலே இல்லை. ஐந்தரை மணிக்கு உள்ளே ஏதோ கீழே விழுந்து உடைந்தது. டாக்டரின் மேஜையிலிருந்த மருந்துத் தராசின்மேல் ஏறி உட்கார முயன்று, சேட் அதைத் தள்ளிவிட்டிருந்தது.

அங்கேயே படிக்கட்டில் நின்று பிரபாவதிக்குப் போன் செய்தார். அதற்கு முன்னால், மறைக்கலாமா என்று தாதர் ஸ்டேஷன் வரை போய்த் திரும்புகிற நேரம் யோசித்திருந்தார். முடியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும் சொன்னார்.

அந்தப் பக்கம் மேளச் சத்தம் தேய்ந்தது; அவள் பந்தலை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

"உசுரோட இருக்கா?" என்றாள்.

"இருக்கு. தராச ஒடைச்சிருச்சு."

அவள் அழுவது கேட்டது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். தப்பில் பாதியையாவது இறக்கிவைக்க இடம் தேடினார்.

"ஏட்டி, தமிழ்லதான எழுதுன? ஒன்னரைன்னு நேரா எழுதுனா என்ன?"

"அதைத்தாங்க மொதல்ல எழுதப் போனேன்" என்றாள் பிரபாவதி. "எந்த ர போடணும்னு சந்தேகமா இருந்துச்சு. நாலு தாளு எழுதிப் பாத்தேன். தப்பாப் போட்டா நீங்க மறுபடி தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பிய."

அண்ணாச்சி பையிலிருந்த சீட்டை எடுத்து விரித்தார். காலை, ராத்திரி, சாப்பாடு, பல்லு, சக்கரை. ஈறு என்றுகூட எழுதவில்லை. சீட்டு முழுக்க ஒரு 'ற' இல்லை.

'பெரிய ற' என்று நாக்கு நுனிவரை வந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதை விழுங்கினார்.

"எனக்கும் தெரியலட்டி" என்றார். "எண்ணுலயே எழுதிருவோம்."