ஒத்தோரீனோவைப் பிடித்துக்கொண்ட இரண்டு வீடுகள்

புனித ஜோசப் திருநாளன்று காலை, ஜெனோவா நகரின் பழைய பகுதியில், எதிரெதிரே நிற்கும் இரண்டு வீடுகள் ஒத்தோரீனோ என்பவரை மார்பளவில் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை வரை விடவில்லை. அடி ஏதும் படவில்லை. கோட்டுப் பித்தான் ஒன்று மட்டும் தெறித்தது. அந்த வாரம் சந்தையில் நெத்திலி விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அவரும் மனைவி எர்சீலியாவும் வெர்செல்லிப் பக்கத்து நெல்வயல்காரர்கள். அந்தச் சமவெளியில் மேடு என்று எதுவும் கிடையாது. முட்டையைத் தரையில் வைத்தால் அடுத்த ஈஸ்டர் வரை வைத்த இடத்திலேயே கிடக்கும். ஏப்ரலில் வயலெல்லாம் தண்ணீர் விட்டபிறகு வருகிற கொசுவை இரண்டு பேர் சேர்ந்துதான் அடிக்க வேண்டும். ஒத்தோரீனோவுக்கு மடை திறந்து அடைக்கிற வேலை. அங்கே வரப்பில் ஓர் ஆளுக்குத்தான் இடம். கல்யாணமான மறுநாள் காலை அவர் முன்னால் நடந்தார், எர்சீலியா பின்னால் நடந்தாள். பழக்கம் வரப்போடு நிற்கவில்லை. மாதா கோயிலுக்கு, சந்தைக்கு, மகளின் ஞானஸ்நானத்துக்கு என்று எங்கே போனாலும் அவர் நாலடி முன்னால். முப்பது வருடத்தில் அவருடைய பிடரியை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். எந்த முடி எந்த வருடம் நரைத்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். முகத்தைப் பார்ப்பது சாப்பாட்டு மேசையில் மட்டும், அதுவும் சூப்பின் ஆவிக்கு அந்தப் பக்கம்.

முப்பதாவது கல்யாண நாளுக்கு, வயலில் தண்ணீர் விடுவதற்கு முன்னால் கிடைத்த ஓய்வில், மகள் அவர்களை ஜெனோவாவுக்கு ரயிலேற்றிவிட்டாள். பழைய ஊர், காலாற நடந்து பார்க்கட்டும் என்று நினைத்தாள். ரயில் நிலையத்து வாசலிலேயே எர்சீலியா பையைக் கீழே வைத்தாள்.

"ரீனோ, நில்லு. காது கேக்குதா?"

"கேக்குது."

"இது வரப்பு இல்ல. இன்னிக்குத் துறைமுகம் வரைக்கும் என் பக்கத்துல நடந்து வரணும். வந்தா, சாயந்திரம் வெர்செல்லி ரயிலு. வரலன்னா நான் சவோனா ரயிலு. அக்கா வீட்டுல ஒரு கட்டில் காலியாத்தான் கெடக்கு."

"எத்தன நாளைக்கு?"

"கட்டில் ஒடையற வரைக்கும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பையில் குளிர்காலக் காலுறைகளை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். ஒரு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவள் அப்படிச் செய்யமாட்டாள்.

பெரிய தெருவில் அவர் பாடுபட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நுகத்தடி பழகாத காளை மாதிரி வியர்க்க விறுவிறுக்க அவள் தோளோடு தோளாக வந்தார். ஆனால் ஜெனோவாவின் சந்துகள் எப்பேர்ப்பட்டவை! வெயிலே ஒருக்களித்துத்தான் உள்ளே நுழையும். எதிரும் புதிருமாக இரண்டு பூனைகள் வந்துவிட்டால் அதில் ஒன்று கடற்கரை வரை பின்வாங்க வேண்டியதுதான். அப்படி ஒரு சந்தின் வாய்க்கு வந்ததும் ஒத்தோரீனோவின் தோள்கள் நிம்மதியாகத் தளர்ந்ததை அவள் பார்த்தாள். ஓர் ஆள் அகலம். வரப்பேதான். அவர் முன்னால் இறங்கி நடந்தார். எர்சீலியா கூப்பிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் புட்டியில் தக்கையை அழுத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், இரண்டு பக்கத்து வீடுகளும் ஆளுக்கு ஒரு சாண் முன்னால் வந்து அவரை அணைத்துக்கொண்டிருந்தன.

மாடி ஜன்னல் திறந்தது. பியெரீனா என்ற பருத்த பெண்மணி எட்டிப் பார்த்தாள்.

"யாருய்யா அது வழிய அடைச்சிக்கிட்டு? ஏம்மா, இந்த ஆளு உன்னுதா?"

"முதுகு என்னுதுதான். முகம் யாருதோ தெரியாது."

"அப்ப என் அடுப்படி வழியா சுத்தி வா. முகத்தப் பாத்துட்டு முடிவு பண்ணு."

அடுப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு எர்சீலியா அந்தப் பக்கம் போனாள். கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

தீயணைப்புப் படை வந்து ஒரு பீப்பாய் ஒலிவ எண்ணெய் ஊற்றியது. சுவர்கள் எண்ணெயைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தன. யாரும் பதறவில்லை. அந்த வீடுகள் முன்பு ஒரு சுங்க அதிகாரியைப் பிடித்து வைத்திருந்தன. அவர் பென்ஷனையே அங்கே நின்றுதான் வாங்கினார். ஜெனோவாக்காரர்களுக்குப் புலம்புவது பிறப்புரிமை என்பதால் சந்தே கூடிப் புலம்பியது, ஆனால் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. ஃபொக்காச்சா ரொட்டியை அந்த ஊர் வழக்கப்படி தலைகீழாகத் திருப்பிப் பால் காப்பியில் தோய்த்து, உப்புப் பக்கம் நாக்கில் படும்படி ஊட்டினார்கள். அவர் கண்ணைத் திறக்காமலே தின்றார். எதிரே நாற்காலி போட்டு எர்சீலியா உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்கப் பார்க்க ஒரு முகம். மோவாயில் ஒரு தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் அவளைக் கேட்காமல் வயதாகியிருக்கிற முகம்.

சனிக்கிழமை பிற்பகல் அவள் எழுந்து பையை எடுத்தாள்.

"ரீனோ, நான் கெளம்பறேன். சவோனாவுக்கு."

அவர் கண்ணைத் திறந்தார்.

"எதுக்கு எப்பவும் முன்னால ஓடுற? நான் என்ன நாயா, தொரத்தறதுக்கு?" என்றாள் எர்சீலியா.

"வரப்பு எங்க ஒடஞ்சிருக்குன்னு முன்னால போறவனுக்குத்தான் தெரியும். விழுந்தா நான் விழணும்."

"எத்தன தடவ விழுந்த?"

"ஒரு தடவகூட இல்ல."

"அப்புறம்?"

அவருடைய காதுகள் சிவந்தன. சந்தில் மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள்.

"பக்கத்துல நடந்தா பேசணும் எர்சீ. எங்கிட்டப் பேச ஒண்ணுமே கெடையாது. கட்டிக்கிட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். பக்கத்துல வந்தா உனக்கும் தெரிஞ்சிடுமேன்னு..."

எர்சீலியா பையைக் கீழே வைத்தாள்.

"அட மக்கே! எங்கிட்ட மட்டும் என்ன மிச்சம் இருக்கு? எல்லாத்தையும்தான் உன் பிடரிகிட்டப் பேசித் தீத்துட்டேனே. பேசச் சொன்னனா? நடக்கத்தானே சொன்னேன்!"

ஒத்தோரீனோ சிரித்தார். மூச்சு முட்டச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இடம் போதாததால் வீடுகள் இரண்டும் அஸ்திவாரத்தோடு ஆளுக்கு ஒரு முழம் பின்வாங்கின.

"இவ்வளவுதானா விஷயம்?" என்றாள் பியெரீனா. "இதுக்கா இத்தன நாளா நாங்க ஜன்னல் வழியா ஏறி எறங்கினோம்? எங்கிட்டக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

இருவரும் அகன்ற சந்தில் தோளோடு தோள் உரச, ஒரு வார்த்தை பேசாமல், துறைமுகம் வரை நடந்தார்கள். சாயந்திரம் வெர்செல்லி ரயிலில் அந்தக் குளிர்காலக் காலுறைகளை ஒத்தோரீனோவே மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரலில் மடைகள் திறந்தன. வயல்கள் நிரம்பின. வரப்பில் வழக்கம்போல ஓர் ஆளுக்குத்தான் இடம். அந்தச் சமவெளியின் வரப்புகள் யாருக்காகவும் அகன்று கொடுப்பதில்லை. எர்சீலியா வரப்பில் நடந்தாள். ஒத்தோரீனோ அவளுக்குப் பக்கத்தில் தண்ணீரின் மேல் நடந்தார். முதல் நாள் தயக்கமாகவும், மறுநாளிலிருந்து சாதாரணமாகவும். பக்கத்து வயல்காரர் மண்வெட்டியை ஊன்றிப் பார்த்துவிட்டு, "நெல்லு தலைகாட்டினப்புறம் பாத்துக் கால வையி ரீனோ" என்று மட்டும் சொன்னார். தவளைகள் சில நாள் கோபித்துக்கொண்டிருந்தன, பிறகு வழிவிடப் பழகிக்கொண்டன. உடைந்த மடையைத் தண்ணீரின் மேலிருந்தே பார்ப்பது வசதி என்று விவசாயக் கூட்டுறவுச் சங்கம் அவருக்கு நல்ல சான்றிதழ் கொடுத்தது. எர்சீலியாவுக்கு எழுபது தாண்டிக் கண் மங்கிய பிறகும் இருவரும் அப்படித்தான் போய்வந்தார்கள், வரப்பில் ஒருவர், தண்ணீரில் ஒருவர். மழை பிடித்துக்கொண்டால் ஒரே குடை போதுமாக இருந்தது.