சேரின் மைக்

பதுளையில் கனகரத்தினம் சேர் நடத்திய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் யார் வாயைத் திறந்தாலும் முடிவு சேருடையதுதான். இரண்டாயிரத்திரண்டில் ஒரு தோட்டக் கம்பனிக்குக் கம்ப்யூட்டருக்குள் ஒரு மாய உலகம் செய்துகொடுக்கும் வேலை வந்தபோதும் அப்படித்தான். பதுளை, தெமோதரை, கொழும்பு என்று மூன்று ஊர்களிலும் புதிய மேற்பார்வையாளர்கள் ஹெல்மெட் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரே தேயிலை மலையில் ஒன்றாக நடந்து பழக வேண்டும். அதை எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது?

எழுதப்போகிறவள் ஸ்பிரிங்வெளித் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த விஜயலெட்சுமி. திறப்பு விழா நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

"படத்துக்கு சி பிளஸ் பிளஸ் இருக்கட்டும் சேர். மெஷின்கள இணைக்கிறதுக்கு எர்லாங்ன்னு ஒரு மொழி இருக்கு, அதப் போடுவோங்க. ஒரு மெஷின் விழுந்தாலும் மத்தது பாட்டுக்கு ஓடும். இங்க கரண்ட் படுத்துற பாடுதான் தெரியுமே."

"உந்தப் பேரைக் கொழும்பில ஆரும் கேள்விப்பட்டிருக்கினமோ?" சேர் சிரித்தார். சேர் சிரித்ததால் உதவியாளன் சுபாசும் சிரித்தான். "எல்லாம் சி பிளஸ் பிளஸ். எல்லாம் இஞ்ச இருக்கிற பெரிய மெஷினில. விளங்கிச்சோ பிள்ளை?"

நன்றாகவே விளங்கியது. பெரிய மெஷின் சேரின் அறைக்குப் பக்கத்தில் இருந்தால் வருகிறவர்களுக்குக் காட்டலாம். அவருடைய தொழில்நுட்பம் அவ்வளவுதான். விஜயலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தாள்.

கரண்ட் போனால் பெரிய மெஷினைத் தாங்க ஒரேயொரு யூ.பி.எஸ். இருந்தது. விழாவன்று அதையும் சேர் தன் மைக்குக்கு மாட்டச் சொல்லிவிட்டார். பேச்சு நடுவில் நின்றால் மானம் போய்விடுமாம்.

கம்பனிப் பெரியவர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றும் நேரம். போட்டோவில் சுடர் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று சேர் லைட்டை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்ட, சுபாஸ் மெயின் சுவிட்சையே இறக்கினான்.

விளக்கு ஜொலித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பெரிய மெஷின் செத்தது. தெமோதரையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் போன் அலறியது, மலையைக் காணோம் என்று.

"என்ன நடந்தது?" என்று பெரியவர் கேட்டார்.

சேர் மைக்கிலேயே பதில் சொன்னார். "தோட்டத்துப் பிள்ளை, பாவம் எண்டு எடுத்தனான். மொழியைத் தெரிவு செய்ததும் அவதான்."

பாவமாம்! விஜயலெட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே போய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"எழுதினது நானுங்க. மொழி சேரு சொன்னது. சேரு கை காட்டித்தான் மெயின இறக்குனாங்க. இருந்த ஒரு யூ.பி.எஸ்ஸ இந்த மைக்குக்குக் குடுத்ததும் சேருதான். அதனாலதான் நான் சொல்றது இப்ப எல்லாருக்கும் நல்லாக் கேக்குது."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். வேலை போனது போனதுதான். சேர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அது நன்றாகவே வேலை செய்தது; அவருக்குத்தான் பேச்சு வரவில்லை.